மூடக் கூடாத டிஸ்க்

2012 மார்ச் 5, திங்கள். சிதம்பரம்.

இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். 640-ஆம் டிஸ்க்கை மூடிவிட்டேன்.

கம்ப்யூட்டர் வகுப்பில் மூன்று வாரமாக எங்களுக்கு இதுதான் பயிற்சி. கூடப் படிக்கும் சார்லஸின் அக்கா கணவர் லூர்துசாமி கடலூரில் ஸ்டுடியோ நடத்துகிறார். தானே புயலில் கூரை பறந்து, அவருடைய வீடியோ டிஸ்க்குகள் ஆயிரத்துக்கு மேல் நனைந்துபோயின. சாக்குகளில் கட்டி எங்கள் கம்ப்யூட்டர் சென்டருக்கு அனுப்பிவிட்டார். ஒவ்வொன்றையும் துடைத்து, ஓடவிட்டுப் பார்த்து, யார் வீட்டு விசேஷம், என்ன தேதி என்று எக்ஸெலில் ஏற்ற வேண்டும். பிறகு மூட வேண்டும். அதாவது, இனி எதையும் சேர்த்துப் பதிய முடியாதபடி கணினியில் முடித்துவிட வேண்டும்.

கவர்கள் ஈரமாக இருந்ததால் முதலிலேயே எல்லாவற்றையும் கழற்றிக் கொடியில் மாட்டினேன். நல்ல முறை என்றுதான் நினைத்தேன். சாயங்காலம் கவர்களை எடுக்கும்போது 640-இன் கவரில் சிவப்பு மையில் எழுதியிருந்தது: 'மூடக் கூடாது.'

ஏழு மணிக்குக் கரண்ட் போனது. யூபிஎஸ் மட்டும் கத்திக்கொண்டிருந்தது. ஒரு மெழுகுவத்தியைச் சுற்றி வகுப்பில் நாங்கள் மூன்று பேர்: சார்லஸ், ஸ்ரீமதி, நான். தவறைச் சொன்னேன்.

"உட்டா கரண்டையும் நாந்தான் மூடுனேன்னு எழுதி வச்சிக்குவ நீ" என்றாள் ஸ்ரீமதி.

சார்லஸ் சிரிக்கவில்லை. "நெசமாவே மூடிட்டியா, கார்த்தி?"

பிறகு சொன்னான்.

2006. மாசி மகத்துக்கு முந்தைய இரவு, பத்தேகால் மணி. தேவனாம்பட்டினம் சாலையில் லூர்துசாமி டிவிஎஸ் 50-இல் போகிறார். விளக்கில்லாத சாலை. முன்கூடையில் ஒரு டிவிடி பிளேயர், சட்டைப் பையில் இந்த டிஸ்க். சிங்காரம் என்கிற மீனவருக்காக. அவர் மனைவி எழிலரசியைச் சுனாமி கொண்டுபோய்விட்டது... ஆறு மாதக் கர்ப்பிணி. உடல் கிடைக்கவில்லை. வீட்டில் ஒரு போட்டோகூட மிஞ்சவில்லை. அவள் முகம் இருப்பது கல்யாண டிஸ்க்கில் மட்டும்தான்.

ஸ்டுடியோவில் அப்போது ஒரு பழக்கம். கல்யாணத்தைப் பதிந்துவிட்டு டிஸ்க்கை மூட மாட்டார்கள். மீதி இடத்தில் அதே வீட்டு வளைகாப்பு, அடுத்துக் காதுகுத்து... எல்லாம் ஒரே டிஸ்க்கில். எழிலரசியின் வளைகாப்புக்குத் தை மாதத்தில் நாள் குறித்திருந்தார்கள். மார்கழியிலேயே அலை வந்துவிட்டது.

கிளம்பும் முன் லூர்துசாமி டிஸ்க்கைச் சரிபார்த்தார். கல்யாணம் மட்டும்தான் இருந்தது.

சிங்காரத்தின் தகரக் கொட்டகையில் டிவியில் படம் ஓடியது. தாலி கட்டினார்கள். சாப்பாட்டுப் பந்தி. முடிந்தது... அணைக்கக் கை நீட்டினார். படம் நிற்கவில்லை.

இருட்டு. வளையல் சத்தம். ஒன்றிரண்டு அல்ல, கை நிறைய. பிறகு ஒரு முகம். எழிலரசி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், கன்னத்தில் சந்தனம். வரிசையாகப் பெண்கள் வந்து வளையல் அடுக்குகிறார்கள். எல்லார் தலைமுடியிலிருந்தும் தண்ணீர் சொட்டுகிறது. கொட்டகைக்குள் பாசி வாடை.

அந்தப் பெண்களில் நான்கைந்து பேரை லூர்துசாமிக்குத் தெரியும். அவர்கள் எல்லாரும் அவளோடு அன்றைக்கே அலையில் போனவர்கள்.

சிங்காரம் பதறவில்லை. கடைசி வரை பார்த்தார். பிறகு கேட்டாராம், "காதுகுத்துக்கு எடம் இருக்குதா, தம்பி?"

லூர்துசாமி அந்த இரவே கவரில் சிவப்பு மையில் எழுதிவிட்டார்.

"மாமா அப்பறம் அதைப் பாத்ததே இல்ல" என்றான் சார்லஸ். "சிங்காரம் மட்டும் வருசா வருசம் மகத்தன்னிக்கி கடைக்கு வருவாரு. உள்ள தனியா பாப்பாரு. மாமா வெளில நிப்பாரு. போவும்போது ஒரு வார்த்த சொல்லிட்டுப் போவாரு. மொத வருசம், 'நடக்குறான்'னாரு. போன வருசம்..."

யூபிஎஸ் கத்தி ஓய்ந்தது.

"போன வருசம், 'பல்லு வுழுந்துடுச்சி'ன்னாரு."

ஸ்ரீமதி என் கையைப் பிடித்திருந்தாள். எப்போது பிடித்தாள் என்று தெரியவில்லை.

நாளை மறுநாள் மாசி மகம்.

எட்டே காலுக்குக் கரண்ட் வந்தது. அவர்கள் இருவரும் பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். நான் மட்டும் இருந்தேன். 640-ஐப் போட்டுப் பார்த்தேன். மூடியாகிவிட்டது, இனி பதிய முடியாது என்றுதான் திரையில் வந்தது. உள்ளே எட்டுப் பதிவுகள். காலையில் நான் முதலாவதை மட்டும் ஓடவிட்டு, 'கல்யாணம், 2004' என்று ஏற்றியிருக்கிறேன். மீதி ஏழு பதிவுகளைக் கவனிக்கவே இல்லை. இப்போதும் திறந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. அப்படியே ஒரு புது டிஸ்க்கில் நகல் எடுத்தேன். அதை மூடவில்லை. ஆனால் இனி வருகிறவர்கள் புதியதைத் தேடி வருவார்களா, தெரியவில்லை.

நகல் முடிந்ததும் 640 இருந்த டிரைவின் தட்டு தானாக வெளியே வந்தது. அது வழக்கம். தள்ளினேன். மறுபடி வந்தது. தள்ளினேன். மறுபடியும். மூன்றாம் முறை 640-ஐக் கையில் எடுத்தேன். ஈரமாக இருந்தது. காலையில் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நானே துடைத்துக் காயவைத்த டிஸ்க்.

அடிப்பக்கம் விளிம்பில் விரல் தடங்கள், நெருக்கமாக நான்கு. பிடித்து இழுத்துப் பார்த்ததுபோல. துடைத்தேன். முகம் கழுவிவிட்டு வந்து பார்த்தேன். மீண்டும் இருந்தன. என் சுண்டுவிரல் நுனியை ஒன்றின்மேல் வைத்துப் பார்த்தேன். அந்தத் தடம் அதைவிடச் சிறியது.

டிஸ்க் இப்போது என் மேசையில், செய்தித்தாளின் மேல் இருக்கிறது. தாள் நனைந்துகொண்டிருக்கிறது.

நாளைய வேலை: காலை ஐந்தரை மணி கடலூர் பஸ். இரண்டு டிஸ்க்குகளையும் தேவனாம்பட்டினத்துக்கு எடுத்துப்போக வேண்டும். மூடியது நான்தான் என்று சிங்காரத்திடம் நானே சொல்ல வேண்டும். எக்ஸெலில் 640-க்கு எதிரே 'எட்டுப் பதிவுகள்' என்று திருத்த வேண்டும்.