சத்தமில்லாமல் ஓடிய வசனம்

வெள்ளிமலை பஸ்ஸில் என் முன் இருக்கையில் இரண்டு இளைஞர்கள். ஜன்னலோரத்துப் பையன் சினிமா வசனத்துக்கு ஏற்ப எழுத்துகளை ஆடவிட்டு ஸ்டேட்டஸ் வீடியோ செய்கிறவன்.

"எது செஞ்சாலும் மொதல்ல எங்கம்மாகிட்டதான் காட்டுவேன்."

"அவங்களுக்குக் காது கேக்காதேடா?"

"அதனாலதான். உதட்டப் பாத்தே பேச்சு புரிஞ்சிக்கும். நடிகரு வாய்க்கு எழுத்து கொஞ்சம் லேட்டானாலும் சொல்லிடும். நேத்து செஞ்சதுல மூஞ்சி இல்ல, கறுப்புல எழுத்து மட்டும்."

"இன்னா சொன்னாங்க?"

"'இது உங்கப்பா பேச்சுடா. அவருதான் இப்டி நின்னு நின்னு பேசுவாரு'ன்னுச்சி."

"அவரு தவறி ரெண்டு தீவாளி ஆயிடுச்சேடா!"

"ஹெட்செட் மாட்டித் திருப்பிப் பாத்தேன். எழுத்தெல்லாம் நடிகரு குரலுக்குச் சரியாத்தான் வுழுது."

பஸ் கொண்டை ஊசி வளைவில் திரும்பியது. இருவரும் கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள்.

"அப்புறம்?"

"அம்மா மறுபடி பாக்கப் போனக் கேட்டுச்சி, குடுத்தேன். வசனம் முடிஞ்சி ஸ்கிரீன் வெறும் கறுப்பாயிடுச்சி. அம்மா கண்ணு மட்டும் வரி வரியா படிச்சிக்கினே இருக்குது. போன வாங்கப் போனா, கையத் தட்டி வுட்டுடுச்சி."

"ஏன்டா?"

"'இருடா, அவரு இன்னும் முடிக்கல'ன்னுச்சி."