மார்த்தாவோட கல்யாணக் கேசட்

அந்தக் காத்தாடிய கொஞ்சம் அடைங்க... இதுல சத்தம்தான் முக்கியம்.

மத்தியானம் மூணு மணி. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போற ரோடு. தைப்பூசம் முடிஞ்சிட்டா அங்க குரங்குங்கதான் நடமாடும். அந்த ரோட்டுல ஒரு வீடு... உள்ள மார்த்தா அக்கா தனியா, கம்ப்யூட்டர் முன்னால.

"பகல்லயா பேய்?"

சிரிக்காத தவமணி. கேளு.

மார்த்தா, என் கூட்டாளி ஆரோக்கியநாதனுக்கு அண்ணி. அவன் அண்ணன் வேதநாயகத்துக்கு ரெண்டாவது பொஞ்சாதி. மூத்தவ ஆலிஸ், காய்ச்சல்ல செத்துட்டா. சர்ச்சுல பாடுவா. பாடறதுக்கு முன்ன கழுத்துல கோடாலித் தைலம் தேய்ச்சுக்குவா. கம்ப்யூட்டரும் தெரிஞ்சவ. கேசட்டு இரைச்சல எடுக்க ஒரு புரோகிராம் எழுதி வச்சிருந்தா. இரைச்சல்ல ஒரு துண்ட வெட்டிக் காட்டணும்... அதே மாதிரி எங்க இருந்தாலும் அழிச்சிடும்.

தொண்ணூத்தாறுல பழைய கம்ப்யூட்டர் கெட்டுப் போச்சு. மார்த்தாவுக்கும் ஃபேக்டரில புரோகிராம் வேலைதான். "ஆலிஸோட புரோகிராம புதுசுல ஓட வச்சுக் குடேன் லா"ன்னாரு வேதநாயகம். கட்டினவகிட்ட கேக்குற கேள்வியா இது? கேட்ட எனக்கே எரிஞ்சுச்சு.

வயிறு எரிஞ்சுகிட்டேதான் உக்காந்தா. புரோகிராம ஓட வைக்கிற புது கம்பைலர் அந்தப் பழைய எழுத்த ஏத்துக்கவே இல்ல. வரிக்கு வரி எரர். ஒவ்வொண்ணா திருத்தினா... செத்தவ எழுத்து மேல இவ எழுத்து. கடைசில ஒத்துக்கிச்சு.

அப்பதான் அந்தப் புத்தி வந்துச்சு. கல்யாணத்தன்னிக்கு இவ சர்ச்சுக்குள்ள நடந்து வரப்ப, அந்த மனுஷன் ஆலிஸ் பாடின கேசட்டத்தான் போட வச்சாரு. இவ கல்யாணப் பதிவுலயும் அவ குரல்! எப்படிப் பொறுப்பா? பதிவ கம்ப்யூட்டர்ல ஏத்தினா. ஆலிஸ் குரல்ல ஒரு துண்ட வெட்டினா. இதான் இரைச்சல்னு காட்டி... தட்டினா.

கிர்ர்... கிர்ர்... நின்னுச்சு.

போட்டுக் கேட்டா. ஆலிஸ் பாடறா. ஒரு சொட்டு இரைச்சல் இல்ல... பக்கத்துல நின்னு பாடற மாதிரி. பாட்டு முடிஞ்சுது. ஃபாதர் கேக்குறாரு, "மார்த்தா, உனக்குச் சம்மதமா?"

...

பதில் இல்ல. இவ குரல் இருந்த எடத்துல ஒண்ணுமே இல்ல.

தான் வெட்டின துண்டப் போட்டுப் பாத்தா. அதுல இவளே பேசறா. "சம்மதம்... சம்மதம்... சம்மதம்..."

சாயங்காலம் வேதநாயகம் வந்தாரு. அழுதுகிட்டே போட்டுக் காட்டினா. கண்ண மூடி முழுசா கேட்டாரு. சிரிச்சாரு.

"இப்பதான் லா சுத்தமா கேக்குது."

ஓடிப் போயி அவரு நெஞ்சுல குத்தினா... அழுதா... ஏதோ வாசம் வர, மோந்து பாத்தா.

அவரு சட்டையில, கழுத்துப்பட்டி பூரா... ஈரம் காயாத கோடாலித் தைலம்.