வீட்டில் இறந்தவர்களையும் எண்ணிய டாக்டர் ரயினா

மேடையில் அமர்ந்திருக்கும் பேராசிரியர் வெல்செவ் அவர்களே, மருத்துவமனையைச் சேர்ந்தவர்களே, மலையிறங்கி வந்திருக்கும் என் ஊர்க்காரர்களே!

நான் மரம் வெட்டிப் பிழைத்தவன். தாளில் எழுதிக்கொண்டு வரவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

டாக்டர் ரயினா தோபுசோவா மறைந்து இன்று நாற்பதாம் நாள். அறுவை நிபுணர், ஆராய்ச்சியாளர் என்று இங்கே புகழ்ந்தார்கள். எங்கள் ஊருக்கு அவர் யார்? பேருந்து நிறுத்தத்தில் நின்று சாவு அறிவிப்புகளைப் படிக்கிற பெண்!

குடல் புற்றுநோய்க்கு அறுவை செய்து அனுப்பியவர்கள் பிறகு என்ன ஆனார்கள்? அதை அறியத்தான் விடுமுறையெல்லாம் ஊர் ஊராக அலைந்தார். சுவரில் ஒட்டிய படத்தில் தம் நோயாளியின் முகத்தைக் கண்டால் அந்த வீட்டுக் கதவைத் தட்டுவார். என் பக்கத்து வீட்டு கீனா, புருஷனைப் புதைத்த சூட்டில் கேட்டாள்:

"வெட்டுனதும் நீங்க, வீடு தேடி வந்து எண்ணுறதும் நீங்களா? நல்ல பொழப்பு!"

"திட்டிக்கோங்கம்மா. திட்டிட்டு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. வீட்டுக்கு வந்தப்புறம் காய்ச்சல் அடிச்சுதா? தையல்ல சீழ் வந்துச்சா?"

கீனா அழுதுகொண்டே சொன்னாள். வீடு வீடாக அதே காய்ச்சல், அதே சீழ்! எல்லாருமே மருத்துவமனையின் இரண்டாம் அறுவை அறையில் வெட்டப்பட்டவர்கள்.

இதை அவர் கண்டறிந்த மறுநாள் காலை அதே அறையில் என் மனைவி ஸ்தோயங்காவுக்கும் குடல் புற்றுக்கு அறுவை நடக்க இருந்தது. டாக்டர் என்னைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டார்.

"ஐயா, நாளைக்கு வேணாம். அந்த ரூம்ல ஏதோ கிருமி இருக்கு, வேற ரூமும் இப்ப காலியில்ல. கண்டுபிடிக்கிற வரைக்கும் தள்ளிப் போடுவோம்."

"உள்ள புத்து வளருதே டாக்டரம்மா, அது காத்திருக்குமா?"

"காத்திருக்காது. ரெண்டு பக்கமும் பயந்தான்யா. ஆனா எங்கம்மாவா இருந்தாலும் நாளைக்கு உள்ள விடமாட்டேன்."

பேராசிரியரே, அப்போது நீங்கள் வந்தீர்கள். "என் வார்டுல ஒருத்தர்கூட சாகலியே!" என்று கத்தினீர்கள்.

"வார்டுல சாகல சார். வீட்டுக்குப் போய்ச் சாகுறாங்க."

"வேலை போயிடும், தெரியுமா?"

"தெரியும் சார்."

காலையில் டாக்டர் அந்த அறைக் கதவை மறித்து நின்றார். நகர்ந்தாரா? இல்லை! நீங்கள் மனமில்லாமல்தான் அறையை மூடினீர்கள்; ஆனாலும் மூடினீர்கள். தேடிப் பார்த்தபோது, அறைக்குக் காற்று கொண்டுவரும் குழாய்க்குள் கிருமி இருந்தது.

சில வாரங்கள் கழித்து ஸ்தோயங்காவுக்கு வேறு அறையில் அறுவை நடந்தது. சீழ் வைக்கவில்லை. இரண்டு கோடை உயிரோடு இருந்தாள். பிறகு புற்று ஈரலுக்கு ஏறி, போய்விட்டாள். அடக்கத்துக்கு வந்த டாக்டரிடம் கேட்டேன்:

"அன்னிக்குத் தள்ளிப் போட்டதாலயா?"

"தெரியலய்யா."

"இல்லன்னு சொன்னா என் மனசு ஆறுமே தாயி."

"ஒரு வீட்ட வச்சு அதைச் சொல்ல முடியாது. உங்ககிட்ட பொய்யும் சொல்ல முடியாது. அதுக்குத்தான்யா எல்லார் வீட்டுக்கும் போறேன்."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் என்னை அவ்வளவு மதித்துப் பேசியவர் வேறு யார்?

அவர் நோயில் படுத்ததிலிருந்து எங்கள் கதவுகளை யாரும் தட்டுவதில்லை. அறுவை முடிந்து வந்து படுத்திருப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் காய்ச்சலா, இல்லையா? மருத்துவமனைக்காரர்களே, உங்களில் யாருக்காவது தெரியுமா?

கீனாவும் நானும் வீடு வீடாக வழிகாட்டுவோம். இது எங்கள் ஊரின் வாக்கு. உங்கள் வாக்கு எங்கே? எழுந்து நின்று தலைகுனிந்தால் போதுமா? அவருடைய வேலையை யார் தொடரப் போகிறீர்களோ, கையைத் தூக்குங்கள்!

பேராசிரியரே, உங்கள் கையைத்தான் முதலில் பார்க்கிறேன். அது உயரும்வரை நான் இந்த மேடையை விட்டு இறங்கமாட்டேன்.