ஆவி ஏறியாச்சு, பெல்ட்டக் காணோம்

…மண்டைக்குள்ள மூளை இருக்க வேண்டிய எடத்துல மரத்தூளு சார் இவனுங்களுக்கு! வாங்க, வாங்க. ஏன் நிக்கறீங்க? இல்ல இல்ல, இதுல எடமில்ல, நான் உக்காந்திருக்கேன்ல… அந்தக் கட்ட மேல உக்காருங்க. எதுக்கும் ஆகாத கட்ட, உக்காரத்தான் லாயக்கு. எங்க அண்ணன் மாதிரி.

பழைய எடங்களப் பாதுகாக்கற குழுவுலேருந்துதான வந்திருக்கீங்க? தெரியும். உங்க கண்ணு முன்னால ஒரு மரம் அறுத்துக் காட்டணும். காட்டினா மில்லு பொழைக்கும். இல்லேன்னா பழைய இரும்புக்காரன் எடைக்குப் போட்டு அள்ளிட்டுப் போயிருவான். அதுக்குத்தான் அண்ணன் விடியறதுக்குள்ள பாய்லர மூட்டினான். ஆவி ஏறி உஸ்ஸு உஸ்ஸுன்னு கெடந்து கத்துது. ரம்பமும் தயாரா நிக்குது. ரெண்டையும் சேக்கற தோலு பெல்ட்டக் காணோம்! எஞ்சின் அது பாட்டுக்குச் சுத்தும், ரம்பம் பல்ல இளிச்சிட்டு நிக்கும்… பாத்துட்டுப் போங்க!

எல்லாம் பங்கு பிரிச்ச லட்சணம் சார். அப்பா கண்ண மூடினதும் அண்ணன், "பாய்லரும் எஞ்சினும் எனக்கு"ன்னான். தம்பி, "அப்ப ரம்பம் எனக்கு"ன்னான். எவனாவது மர மில்ல இப்பிடிக் கூறு போடுவானா? ஒரே சட்டையக் கிழிச்சு ஆளுக்கொரு கை மாட்டிக்கிட்ட கதைதான்! அதுலேருந்து ரெண்டு பேருக்கும் பேச்சே கெடையாது. எல்லாம் விசில்லதான். அண்ணன் ஒரு தடவ ஊதினா "தயாரு". ரெண்டு தடவ ஊதினா "நிறுத்துடா". நீளமா ஊதினா… திட்டறான்னு அர்த்தம். பாதி நாளு நீளமாத்தான் ஊதுவான்.

இதக் கேளுங்க. அப்பா இருந்தவரைக்கும் அறுத்த தூளும் பட்டையுமே பாய்லருக்குத் தீனி. வெளியிலேருந்து ஒரு குச்சி வாங்கினதில்ல. இப்ப? எதிர்த்தாப்புல இருக்கற கரண்டு மில்லுகிட்டப் போயி மரத்தூளு வாங்கி எரிக்கறானுங்க! ஆவி மில்லக் காப்பாத்தறாங்களாம்… தூ!

உள்ள பலகை மாட்டியிருக்கே, படிச்சீங்களா? "தாத்தா தொடங்கினார், அப்பா வளர்த்தார், பிள்ளைகள் காத்தனர்." ஆஹாஹா! எஞ்சினு வெளிநாட்டுலேருந்து புத்தம் புதுசா வந்துச்சுன்னு தம்பி எழுதியிருப்பானே? பச்சப் பொய்யி. ஒடைஞ்ச கப்பல்லேருந்து கழட்டினது!

காத்தனராம்! அந்தப் பெல்ட்டுக்கு வாராவாரம் விளக்கெண்ணெ தடவினது யாரு? தையலு விட்டா ஊசியும் தோலு வாரும் எடுத்துட்டு ஓடினது யாரு? அப்பாவே சொல்வாரு, "எஞ்சின எவன் வேணா ஓட்டுவான், பெல்ட்டு எம் பொண்ணு கைக்குத்தான் அடங்கும்"னு. இந்தாங்க, கையப் பாருங்க, காய்ச்சுப் போயி கெடக்கு. எனக்குக் கெடச்சது மில்ல வேடிக்க பாக்க வர்றவங்களுக்கு இந்த டிக்கெட்டு கிழிக்கற வேலை. பங்கு கெடக்கட்டும் சார், கழுத. பலகையில பொண்ணுன்னு ஒரு சொல்லு? பெல்ட்டு யாருக்குன்னு கூட இவனுங்களுக்கு நெனப்பு வரல. வயிறு எரியுது சார்.

அதோ, அந்தக் கூத்தப் பாருங்க! அண்ணன் ரம்பக் கொட்டாய்ல தேடறான். தம்பி பாய்லர் ரூமுல தேடறான். இவன் ஒளிச்சுட்டான்னு அவனும், அவன் ஒளிச்சுட்டான்னு இவனும். காலைலேருந்து என்னத் தாண்டித் தாண்டித்தான் ஓடறானுங்க. "நீ பாத்தியா"ன்னு ஒருத்தன்… ஒருத்தன் கேட்டானா? கையில வெண்ணெய வச்சுக்கிட்டு நெய்க்கு அலையறானுங்க!

என்ன, மூக்க ஏன் சுளிக்கறீங்க? விளக்கெண்ணெ வாசன சார். ஏன் குனியறீங்க? அட… அட, எனக்கடியில இருக்கற சாக்க இழுக்காதீங்க!

ஆமா. இதான். தையலப் பிரிச்சு, சுருட்டி, சக்கரமா உருட்டிட்டு வந்து மேல உக்காந்திருக்கேன். என்ன இப்ப? மில்லு இரும்புக்காரனுக்குப் போகணும்னா நெனைக்கறேன்? அந்த ரம்பச் சத்தம் நின்னுபோனா எனக்குச் சோறு எறங்காது சார். ஒருத்தன், ஒரே ஒருத்தன் வந்து கேக்கட்டும், அடுத்த நிமிஷம் எந்திரிச்சுருவேன். கேக்காம எந்திரிக்க மாட்டேன். ஆவி அடங்கினா அடங்கட்டும்…

சார்? அட எங்க போறீங்க? பேசிக்கிட்டே இருக்கேன்… சார், அண்ணன்கிட்டப் போகாதீங்க! ஐயோ, கையக் காட்டறாரே, இங்கயே காட்டறாரே!

இந்தா ஊதறான். நீளமா… இன்னும் நீளமா… தம்பி அங்க சும்மாதான நிக்கறான்? அப்ப யாரத் திட்டறான்? என்னையா?

என்னத்தான்! எனக்கு ஊதறான்! இத்தன வருஷத்துல எனக்குன்னு ஒரு தடவ…

இருடா, வரேன்டா! ஆவிய விட்டுறாத! ஊசிய எங்க வச்சேன்?