ஜெபதுரை பார்த்த ரோமாபுரி

மணி பன்னிரண்டு... ராத்திரி என்று நினைத்துக் கொண்டீர்களா? இல்லை, இந்தக் கதை நடந்தது மத்தியானம் பன்னிரண்டு. பேய்க்கு இருட்டுத்தான் தோது என்று நமக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியவில்லை. உச்சிப்பொழுதில், நிழல் காலடிக்குள் ஒடுங்கிக் கிடக்கிற நேரத்தில், கண்மாய்க் கரையில் தனியாக நடந்து பார்த்தவனைக் கேளுங்கள்.

நாம் காத்திருக்கிற செங்கோட்டை ராத்திரி வண்டி வர இன்னும் இரண்டு மணி நேரம் ஆகுமாம். ஸ்டேஷன் மாஸ்டரே போர்வையை இழுத்து மூடிக் கொண்டுவிட்டார். சரி, ஒட்டி உட்காருங்கள். நம் சத்தியநேசனுடைய பெரியப்பாவுக்கு நடந்தது இது. எலியேசர் என்று பேர். ராஜபாளையத்தில் தபால்காரர். வாயைத் திறந்தால் பொய் வராது என்று பேர் எடுத்த மனுஷன். அவர் சொன்ன ஒரே பொய்தான் இந்தக் கதை.

சண்டைக் காலம். நாற்பத்து நாலு, வைகாசி. ராஜபாளையத்திலிருந்து சோழபுரம் போகிற பாதையில் எலியேசர் தனியாக நடந்து கொண்டிருந்தார். கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கண்மாய் வற்றி மூன்று மாதம். ஒரு காக்காய்கூடக் கத்தவில்லை... அவர் செருப்புச் சத்தம் மட்டும், சரட்... சரட்... பையில் ஒரு தந்தி.

தந்தி ஞானபாக்கியத்துக்கு. அவள் புருஷன் ஜெபதுரை பட்டாளத்தில் பாலம் கட்டுகிற பிரிவில் இருந்தான். இத்தாலியில். கடைசியாக வந்த கடிதத்தை எலியேசர்தான் அவளுக்கு வாசித்துக் காட்டினார். 'எங்களை ரோமாபுரிக்குக் கூட்டிப் போவார்களாம். பெரிய கோயிலைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்' என்று இருந்தது. ரோமன் கத்தோலிக்க வேதக்காரப் பிள்ளைக்கு வேறென்ன வேண்டும்? அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பை எலியேசர் வெகுநாள் மறக்கவில்லை.

தந்தியில் என்ன இருந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஏதோ ஓர் ஆற்றில், பாலம் போடும்போது போய்விட்டான். உடல் கிடைக்கவில்லை.

ஞானபாக்கியம் வாசலிலேயே நின்றாள். நிறை வயிறு. ஏழாம் மாதம் முடிந்திருந்தது. மாமியார் காட்டு வேலைக்குப் போயிருந்தாள். எலியேசர் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்ததும் அவள் சுவரைப் பிடித்துக் கொண்டாள்.

"அண்ணாச்சி... என்ன போட்டிருக்கு? ரோமாபுரி பாத்துட்டாவளா?"

பிள்ளைத்தாய்ச்சி காதில் சாவுச் சேதி விழக்கூடாது. அது நம் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். எலியேசர் தந்தியைப் பிரித்தார். இங்கிலீஷ் எழுத்து ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரிந்தது. வாய் மட்டும் வேறு ஒன்றை வாசித்தது.

"ரோமாபுரி வந்து சேர்ந்தேன். பெரிய கோயில் பார்த்தேன். சுகம்... ஜெபதுரை."

அவள் நிமிர்ந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள்; பிறகு அவர் தோளுக்குப் பின்னால், வாசலுக்கு வெளியே பார்த்தாள். வெகுநேரம் அங்கேயே பார்த்துக் கொண்டிருந்தாள். அப்புறம் தந்தியை இரண்டு கையாலும் வாங்கிக் கொண்டு போய் மாதா படத்துக்கு முன்னால் வைத்து, அகல் விளக்கு ஒன்றை ஏற்றினாள். தன் புருஷனின் சாவுத் தந்திக்கு அவளே விளக்கேற்றுவதை எலியேசர் பார்த்துக் கொண்டு நின்றார். உள்ளே எல்லாம் மரத்துப் போயிற்று என்பார். அழுகை வரவில்லை, பயம் வரவில்லை, தாகம்கூட எடுக்கவில்லை.

திரும்பும்போது கண்மாய்க் கரை. வெயில் அப்படியே நின்றது. முதலில் வாசம் வந்தது... பச்சைச் சேற்று வாசம். ஆழமான தண்ணீருக்கு அடியில் கிடக்குமே, அந்தச் சேறு. வறண்ட கண்மாயில் அது எங்கிருந்து வரும்? அப்புறம் பின்னால் சத்தம். சளக்... சளக்... பூட்ஸுக்குள் தண்ணீர் நிறைந்திருந்தால் கேட்கிற சத்தம்.

எலியேசர் திரும்பிப் பார்க்கவில்லை. சத்தம் மூன்று அடி பின்னால் நின்றது.

"அண்ணாச்சி... நான் பாத்த கோயிலு எப்படி இருந்துச்சு?"

எலியேசர் புராட்டஸ்டண்டு, சி.எம்.எஸ். சபைக்காரர். ரோமாபுரியை அவர் எங்கே கண்டார்? நடையைக் கூட்டினார். ராஜபாளையம் எல்லை வரைக்கும் அந்தச் சளக் சளக் கூடவே வந்தது. ஆள் நடமாட்டம் தெரிந்ததும் நின்றுவிட்டது.

யாரிடம் சொல்வது? தபால்காரன் தந்தியை மாற்றி வாசித்தான் என்றல்லவா முதலில் சொல்ல வேண்டும்? அன்று சாயங்காலமே ரோமன் கோயில் உபதேசியார் வீட்டுக்குப் போனார். உபதேசியாரிடம் பழைய புத்தகம் ஒன்று இருந்தது. ஜூபிலி வருஷத்தில் யாத்திரை போகிறவர்களுக்கென்று அச்சடித்தது. அட்டை கிழிந்து, முப்பது நாற்பது பக்கம். 'முதன்முறை ரோமாபுரி செல்வோர் தவறாது காண வேண்டியவை.'

"ஒமக்கு எதுக்குவே ரோமாபுரி? சபை மாறப் போறீரா?" என்று உபதேசியார் கேலி பண்ணினார். எலியேசர் சிரித்து வைத்தார். அதுதான் அவர் கடைசியாகச் சிரித்தது என்பார் சத்தியநேசன்.

பிள்ளை பிறக்கட்டும், சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தார். அதுவரைக்கும் வாரம் ஒரு கடிதம். வெள்ளைத் தாளைப் பிரித்து வைத்துக் கொண்டு, புத்தகத்தில் படித்ததை ஜெபதுரை எழுதியது போல வாசிப்பார். இராயப்பர் கோயிலில், அதாவது பேதுரு கோயிலில், அவருடைய வெண்கலச் சுரூபம் இருக்கிறதாம். வந்தவர்கள் எல்லாம் முத்தி முத்தி அதன் வலது கால் விரல்கள் மழுங்கிப் போயினவாம். இதை வாசித்தபோது ஞானபாக்கியம் கண்ணை மூடிக் கேட்டாள். "விரலே இல்லியா அண்ணாச்சி?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

போகிற வழியில் அவன் வந்தான். வருகிற வழியிலும் வந்தான். சளக்... சளக்... "பொறவு நான் என்ன பாத்தேன்?"

எலியேசர் சொன்னார். திரும்பாமல், குடைக்குள் குனிந்தபடி, வெறும் பாதையைப் பார்த்துச் சொன்னார். இருபத்தெட்டுப் படி வைத்த சலவைக்கல் படிக்கட்டு ஒன்று உண்டு, ஜனங்கள் முழங்காலாலேயே ஏறுவார்கள், நீயும் ஏறினாய். வேதசாட்சிகளைச் சிங்கத்துக்குப் போட்ட வட்டக் கட்டடம் பாதி இடிந்து நிற்கிறது, அதற்குள் போனாய், பூனைகள்தான் திரிகின்றன. உச்சியில் வட்டமாக ஓட்டை விட்ட கோயில் ஒன்று, மழை பெய்தால் உள்ளேயே பெய்யும்.

"நனைஞ்சனா?"

"நனைஞ்ச தம்பி."

அப்புறம் நடை மறுபடி தொடங்கும். இப்படிப் பழகிப் போயிற்று, ஏதோ கூடச் சேர்ந்து தபால் சுமக்கிற ஆள் மாதிரி. பழக்கம் வந்துவிட்டால் எதுவும் சாதாரணம்தானே? எலியேசர் சாப்பிட்டார், தூங்கினார், முத்திரை குத்தினார். நாக்கில் ருசி மட்டும் செத்துப் போயிருந்தது.

ஆடியில் ஆண் குழந்தை பிறந்தது. சொல்லப் போனார். பச்சை உடம்பு, இப்போது சொன்னால் பால் வற்றிவிடும் என்று திரும்பி வந்தார். இன்னும் ஒரு வாரம், இன்னும் ஒரு வாரம்... புத்தகமோ மெலிந்து கொண்டே வந்தது. நிலத்தடிக் கல்லறைகள் முடிந்தன. சம்மனசுகள், அதுதான் தேவதூதர் சிலைகள், நிற்கிற பாலம் முடிந்தது. பாலம் என்று சொன்னபோது பின்னால் நடை நின்றுபோய், வெகுநேரம் கழித்துத்தான் வந்தது. அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று எலியேசர் நினைத்துக் கொண்டார்.

கடைசிப் பக்கம் ஒரு நீரூற்று. முதுகைக் காட்டி நின்று, தோளுக்கு மேலே காசு ஒன்றை உள்ளே போட்டால் மறுபடியும் ரோமாபுரிக்கு வருவார்களாம். அதற்குப் பிறகு வெறும் அட்டை.

அதைச் சொல்லி முடித்தார். சோழபுரம் கூப்பிடு தூரத்தில் தெரிந்தது.

"பொறவு?"

எலியேசர் நின்றார். வந்து சேர்ந்தாய் என்று சொன்னால் இவன் வீட்டுக்குள் வந்துவிடுவான். உண்மையைச் சொன்னால்... அந்த வீட்டில் விளக்கு முன்னால் இருக்கிற தந்திக்கு என்ன பதில்? "தம்பி, இம்புட்டுத்தான்" என்றார்.

பின்னால் சத்தம் இல்லை. அவர் விடுவிடுவென்று நடந்தார். இன்றைக்கே சொல்லிவிடுவது, வேலை போனாலும் சரி, அவள் காறித் துப்பினாலும் சரி என்று முடிவு பண்ணிவிட்டார்.

ஞானபாக்கியம் தொட்டிலை ஆட்டிக் கொண்டிருந்தாள். எலியேசர் உட்காரவில்லை. தாளைப் பிரிக்கவில்லை.

"தாயி, அந்தத் தந்தியில நான் வாசிச்சது எதுவும் இல்ல. ஜெபதுரை ரோமாபுரி போகல. அதுக்கு முந்தியே ஆத்துல போயிட்டான். நான் பாவி... பொய் சொல்லிட்டேன்."

தொட்டில் ஆடுவது நிற்கவில்லை. கயிற்றின் கிறீச்... கிறீச்... சத்தம் ஒரே சீராக வந்தது.

"தெரியும் அண்ணாச்சி."

"தெரியுமா?"

"மொத நாளே தெரியும். நீங்க தந்திய நீட்டும்போது அவிய உங்க பின்னாலதான நின்னாவ. மேலெல்லாம் தண்ணி சொட்டிச்சு. நீங்க வாசிக்க வாசிக்க, வாயப் பொளந்து கேட்டாவ." அவள் குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. "ரோமாபுரி பாக்கணும்னு அவியளுக்கு எம்புட்டு ஆசை. நான் அழுதா நீங்க நிறுத்திருவிய. பாத்து முடிக்கட்டும்னு இருந்தேன்."

எலியேசர் அப்போதுதான் தரையைப் பார்த்தார். அவர் நின்ற இடத்துக்குப் பின்னால், வாசல்படியில், சாணி மெழுகிய தரை கறுத்து ஊறிப் போயிருந்தது. ஒருநாள் ஈரம் இல்லை அது. மூன்று மாத ஈரம்.

"இன்னிக்கு வரல" என்றாள் அவள், வாசலைப் பார்த்து. "முடிஞ்சிட்டு போல." எழுந்து போய் மாதா படத்துக்கு முன்னாலிருந்த விளக்கை விரலால் அணைத்தாள். திரி புகைந்தது. அதற்குப் பிறகுதான் தாலிச் சரட்டில் கை வைத்தாள். எலியேசர் முகத்தைத் திருப்பிக் கொண்டார்.

புறப்படும்போது வாசல் வரை வந்தாள்.

"ஒண்ணு சொல்லணும் அண்ணாச்சி. அவிய எங்கிட்ட சொன்னது. இங்க கேட்டதெல்லாம் அவிய அங்கன ஆத்துக்குள்ள போய்ச் சொல்லுவாவளாம். கூடப் பாலம் கட்டுனவிய நெறையப் பேரு அங்கதான் கெடக்காவளாம். அவியளும் ஒண்ணும் பாக்கலியாம்."

அவர் தலையை ஆட்டினார். துக்கத்தில் பேசுகிறாள் என்று எடுத்துக் கொண்டார். திரும்புகிற வழியில் கண்மாய்க் கரையில் செருப்புச் சத்தம் மட்டும்தான் கேட்டது. சேற்று வாசம் இல்லை. மூன்று மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவருக்குத் தாகம் எடுத்தது. வழியில் ஒரு கமலைக் கிணற்றில் வயிறு முட்டத் தண்ணீர் குடித்தாராம். அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினார்.

மறுநாள் தேவதானத்துக்கு ஒரு தந்தி வந்தது. இருளம்மாள் என்கிற கிழவிக்கு, மகன் பட்டாளத்தில். உள்ளே என்ன இருக்கிறது என்று தந்தி பாபுவின் முகமே சொல்லிவிட்டது. இந்தத் தடவை உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவது என்று எலியேசர் மனதைக் கல்லாக்கிக் கொண்டு புறப்பட்டார். உபதேசியாரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டிய புத்தகம் பையிலேயே கிடந்தது.

சேத்தூர் தாண்டினார். மேற்கே மலை வெயிலில் வெளுத்துப் போய் நின்றது. பாதையில் ஈ காக்காய் இல்லை. மணி பன்னிரண்டு இருக்கும்.

வாசம் வந்தது.

அப்புறம் சத்தம். சளக்... சளக்... சளக்... சளக்... எலியேசர் நடையை நிறுத்தினார். பின்னால் சத்தம் உடனே நிற்கவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக, பின்வரிசை முன்வரிசை மேல் வந்து முட்டி நிற்கிற மாதிரி, தூரத்திலிருந்தெல்லாம் வந்து... வந்து... நின்றது.

குரல் புதிது. மீசை முளைக்காத குரல்.

"அண்ணாச்சி... நான் என்ன பாத்தேன்?"

எலியேசர் திரும்பிப் பார்க்கவில்லை. குடையைக் கக்கத்தில் இடுக்கிக் கொண்டார். பைக்குள் கையை விட்டுப் புத்தகத்தை எடுத்து, முதல் பக்கத்தைப் பிரித்தார்.