அரைச் சுற்று

பழைய காரும் வயதான ஆளும் ஒன்றுதான் சார், எங்கேயாவது ஒழுகிக்கொண்டேதான் இருக்கும். பட்டறையில் இதைச் சொன்னால் வண்டி கொண்டுவந்தவர்கள் சிரிப்பார்கள். நீங்கள் சிரிக்கவில்லை, பரவாயில்லை. டீ கொடுத்தீர்களே, அதற்கு நன்றி. சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல்.

அன்றைக்கு நான் உங்களிடம் சொன்னது தப்பு. "கிளிப்பை நான் ஒழுங்காக முடுக்கித்தான் அனுப்பினேன், அப்புறம் யார் கை வைத்தார்களோ" என்றேன். அதைக் கேட்டுத்தான் மாப்பிள்ளையைப் பிடித்து உள்ளே வைத்தீர்கள். அவர் ஒன்றும் செய்யவில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். எழுதுகிறவரை அவசரப்படாமல் எழுதச் சொல்லுங்கள்.

அந்தக் கார் முதலில் என்னுடையது. பாப்பா கல்யாணமாகி மலைக்கு மேலே வீடு பார்த்துப் போனபோது அதை அவளுக்குக் கொடுத்தேன். பாப்பா என்றால் என் ஒரே மகள். அவளுக்கு நரை எட்டிப் பார்த்த பிறகும் எனக்கு அவள் பாப்பாதான். அவள் அம்மா அதற்கு வெகு காலம் முன்பே போய்விட்டாள். வீட்டில் நானும் சுவரும்தான். போன் செய்தால் "அடுத்த வாரம் கண்டிப்பா வரேம்ப்பா" என்பாள். அந்த அடுத்த வாரம் எப்போதும் அடுத்த வாரமாகவே இருந்தது. அவளைக் குறை சொல்லவில்லை. வேலை, வீடு, புருஷன் என்று அவளுக்கும் ஆயிரம் இருக்கும்.

ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். "அப்பா, வண்டிய வளைச்சா முனகுதுப்பா. பல்வலிக்காரன் மாதிரி." பானெட்டைத் திறந்தேன். கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு, பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஸ்டியரிங் லேசாகத் திரும்புவதற்கென்று ஒரு எண்ணெய் உண்டு சார். ஒரு சின்ன டப்பாவிலிருந்து ரப்பர் குழாய் வழியாகச் சுற்றிவரும். குழாயின் வாயை ஒரு உலோக வளையம் இறுக்கிப் பிடித்திருக்கும், அதுதான் கிளிப். அதை முடுக்க ஒரு திருகு இருக்கும். குழாய் வாய் காய்ந்து விறைத்துப்போய் எண்ணெய் கசிந்திருந்தது. காய்ந்த பாகத்தை வெட்டி எறிந்துவிட்டு, குழாயைத் திரும்பச் செருகிப் புதுக் கிளிப் போட்டேன்.

கிளிப் முடுக்குவதற்கு என்னிடம் ஒரு கணக்கு உண்டு. திருகு இனி நகராது என்று கை நிற்கும் பாருங்கள், அதற்கு மேல் அரைச் சுற்று. கூடினால் ரப்பரை அறுத்துவிடும். குறைந்தால் கசியும். பாப்பா பட்டறையிலேயே வளர்ந்தவள், இது அவளுக்குப் பால்பாடம். எங்கள் வீட்டில் குழாயை மூடினாலும் அரைச் சுற்றுதான், ஜாடியை மூடினாலும் அரைச் சுற்றுதான். நான் யாரிடமாவது கோபப்பட்டால், "அப்பா, அரைச் சுத்து லூஸ் பண்ணுங்க" என்பாள். கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிடும்.

அன்றைக்கு நான் வேலை செய்து முடிக்கிறவரை காலி டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசினாள். மாப்பிள்ளை சமைத்துக் கரியாக்கியது, மேலதிகாரி கொட்டாவி விடும் அழகு, எல்லாம். அவள் போன பிறகு அந்த டப்பாவை நிமிர்த்தி வைக்க எனக்கு மனசு வரவில்லை.

வேலையை நன்றாகச் செய்துவிட்டேன், அதுதான் வினையாகிவிட்டது. வண்டி ஒழுகவில்லை. அவளும் வரவில்லை. எப்போதோ ஒரு நாள் எட்டிப் பார்த்தாள், வந்த கால் நிற்கவில்லை. அவள் அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தபோது நான் வெளியே போய் அந்தத் திருகை அரைச் சுற்றுத் தளர்த்தினேன். கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. சொட்டுச் சொட்டாகத்தான் போகும். எண்ணெய் குறைந்தால் வண்டியே முனகிச் சொல்லிவிடும். முனகினால் வருவாள். வந்தால் நிரப்பிக் கொடுப்பேன். யாருக்கு என்ன நஷ்டம்?

அப்படியே வந்தாள். "மறுபடியும் முனகுதுப்பா" என்று அவள் சொன்னபோது எனக்கு வந்த சந்தோஷத்தை இந்தக் காகிதத்தில் எழுத முடியாது.

அப்புறம் அதுவே பழக்கமாகிவிட்டது. வருவாள், முடுக்குவேன், நிரப்புவேன், போகும் நேரத்தில் அரைச் சுற்றுத் தளர்த்துவேன். ஒரு தடவை மாப்பிள்ளையும் கூட வந்தார். "மாமா, குழாயையே மாத்திட்டா என்ன? எங்க வீட்டுக்குப் பக்கத்துலயே பெரிய சர்வீஸ் சென்டர் இருக்கு" என்றார். "கண்டவன் கை வச்சா வண்டி வீணாப் போயிடும் மாப்பிள்ளை" என்றேன். பாப்பா என் பக்கம்தான் பேசினாள். "அப்பா கைக்கு மட்டும்தான் அது அடங்கும், நீங்க சும்மா இருங்க." எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆனால் போகப் போக இடைவெளி நீண்டது. அரைச் சுற்றுக்கு இத்தனை நாளில் முனக வேண்டும் என்று எனக்கு ஒரு கணக்கு இருந்தது. கணக்குத் தாண்டியும் அவளைக் காணோம். போனில் கேட்டால், "இப்ப சத்தமே இல்லப்பா" என்பாள். எனக்குப் புரியவில்லை. வாசலில் எந்த வண்டி சத்தம் கேட்டாலும் எழுந்து போய்ப் பார்ப்பேன், சார். அந்த எழுந்து போவது இருக்கிறதே, அது மனுஷனைத் தின்றுவிடும்.

கடைசியாக வந்தபோது நன்றாகத்தான் இருந்தாள். எண்ணெய் நிரப்பினேன். அவள் கை கழுவப் போனாள். அரைச் சுற்றுத் தளர்த்தினேன், கை நிற்கவில்லை, இன்னும் ஒரு அரை. முழுசாக ஒரு சுற்று. சீக்கிரம் முனகும், சீக்கிரம் வருவாள், அவ்வளவுதான் நினைத்தேன்.

வண்டியைக் கிளப்பியவள் கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினாள். "அரைச் சுத்துதானேப்பா?" என்று கேட்டாள். ஒரு மாதிரி சிரித்துக்கொண்டே கேட்டாள். முடுக்கியதைத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன். "அரைச் சுத்தேதான். கல்லு மாதிரி இருக்கு, பயப்படாமப் போய்ட்டு வா" என்றேன். கையை ஆட்டிவிட்டுப் போனாள்.

மறுபடி என்னைப் பார்க்க வந்த வழியில்தான் அந்த விபத்து நடந்தது. மலை இறங்கும் வளைவில் குழாய் கழன்று எண்ணெய் மொத்தமும் போய்விட்டது. எண்ணெய் இல்லாவிட்டாலும் ஸ்டியரிங் திரும்பும் சார், ஆனால் கல்லாகக் கனக்கும், இரண்டு கையாலும் பலமாக இழுக்க வேண்டும். பாப்பாவுக்கு வலது மணிக்கட்டில் பலம் கிடையாது. சின்ன வயதில் என் பட்டறை ஏணியிலிருந்து விழுந்து முறிந்தது. அது எனக்குத் தெரியும். தெரியாது என்று நான் சொல்லவில்லை.

வண்டிக்குள் கிடந்த ஸ்க்ரூடிரைவரை மேசைமேல் வைத்து, இது யாருடையது என்று கேட்டீர்கள். மாப்பிள்ளை வாங்கியது என்று கடைக்காரர் சொன்னதாகச் சொன்னீர்கள். நான் உடனே அவர்மேல் கையைக் காட்டினேன். அந்த நிமிஷம் அது உண்மை என்றே நம்பினேன். பழி போட ஒரு ஆள் கிடைத்தால் நெஞ்சு எவ்வளவு லேசாகிவிடுகிறது தெரியுமா சார்?

நேற்று நீங்கள் அவரைப் பார்க்க விட்டீர்கள். திட்டுவார் என்று நினைத்துப் போனேன். திட்டவில்லை.

"அது அவ கேட்டு வாங்கிக் குடுத்தது மாமா. நீங்க தளர்த்துறது அவளுக்கு எப்பவோ தெரியும். வீட்டுக்கு வந்ததும் அரைச் சுத்து முடுக்கிடுவா. உங்கள பாக்கக் கிளம்பறதுக்கு முன்னாடி மறுபடியும் அரைச் சுத்து லூஸ் பண்ணுவா. ஒழுகலன்னா அப்பா மூஞ்சி தொங்கிடும்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா. அதான் இவங்ககிட்டயும் சொல்லல."

அவ்வளவுதான் சொன்னார். அழுதது அவர்தான். எனக்கு வரவில்லை.

ராத்திரி முழுக்க எனக்கு ஒன்றுதான் ஓடியது. அவள் முடுக்கியபடியே வைத்திருந்த நாட்களில் அந்த வண்டி ஒழுகவே இல்லை. முனகவும் இல்லை. அப்படியானால் அத்தனை தடவையும் அவள் வண்டிக்காக வரவில்லை. அவளாகத்தான் வந்திருக்கிறாள். என்னைப் பார்க்கத்தான் வந்திருக்கிறாள். நான் அவள் வராத நாளை மட்டும் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மிச்சம் கணக்குத்தான், நீங்களே போட்டுப் பார்க்கலாம். நான் தளர்த்தியது ஒரு சுற்று. மேலே ஏறும்போதே குழாய் வாய் கொஞ்சம் நகர்ந்திருக்கும். வீட்டில் அவள் அரைச் சுற்று முடுக்கினாள். அதற்கு மேல் முடுக்கவில்லை, கூடினால் ரப்பர் அறுந்துவிடும் என்று நான்தானே சொல்லிக் கொடுத்தேன். கிளம்பும்போது அப்பாவுக்காக அதே அரைச் சுற்றைத் தளர்த்தினாள். ஆக, நான் வைத்த இடத்துக்கே அது திரும்பி வந்துவிட்டது. என் கணக்கு அவளுக்குத் தெரியாது, அவள் கணக்கு எனக்குத் தெரியாது.

என் மகளைக் கொன்றது நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகிறேன். மாப்பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், பாவம், அவரும் இனிமேல் சுவரைத்தான் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும்.

ஒன்றே ஒன்றுதான் எனக்கு ஆறவில்லை, சார். இவ்வளவு தெரிந்தவள், கிளம்புகிறபோது எவ்வளவு தளர்த்தினாய் என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். பாப்பாவிடம் நான் பொய் சொன்னதே கிடையாது.