நூற்று எண்பத்தொன்பது கண்ணாடிகள்

தலைமை நாற்காலியில் வீற்றிருந்து அந்த நாற்காலிக்கே தலைநிமிர்வு தந்துகொண்டிருக்கும் இம்மருத்துவமனையின் முதன்மை மருத்துவர் அவர்களே! மேடையை நிறைத்திருக்கும் மருத்துவப் பெருமக்களே! என்னை எதற்கு மேடையேற்றினோம் என்று இப்போதே விரல் நகத்தைக் கடிக்கத் தொடங்கிவிட்ட எங்கள் பள்ளித் தலைமையாசிரியை அவர்களே! பிள்ளைகளைப் பேசவிட்டுக் கேட்கும் பெருந்தன்மை படைத்த பெரியோர்களே! உடம்பால் இங்கே அமர்ந்திருந்தாலும், வீட்டில் மிச்சமிருக்கும் வேலையை மனத்தால் முடித்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே! பின்வரிசையிலிருந்து எனக்குக் கைகாட்டும் கூட்டாளிகளே! அனைவருக்கும் என் அன்பான வணக்கம்.

எனக்குத் தரப்பட்டது நன்றியுரை. நன்றியுரை என்றால் என்ன? எல்லோரும் எழுந்து போகும்போது, போகிறவர்களின் முதுகுகளைப் பார்த்துப் பேசும் உரை. ஆனால் இன்று எனக்கு ஒரு வசதி. அதோ, அந்தக் கண்ணாடிப் பேழையை மூடியிருக்கும் நீலத்திரை என் உரை முடிந்த பிறகுதான் விலகும். ஆகவே, திரை விலகும்வரை நீங்களும் விலக முடியாது!

சிரியுங்கள். நானும் ஒரு சிரிப்பால்தான் இங்கே வந்து சேர்ந்தேன்.

சென்ற மாதம் எங்கள் பள்ளி ஆய்வகத்தில் மைக்ரோஸ்கோப்பின் கண் வைக்கும் இடத்தில் யாரோ சிவப்பு மையைத் தடவிவிட்டார்கள். குனிந்து பார்த்த பதினாறு பேரும் கண்ணைச் சுற்றிச் செவ்வளையத்தோடு வகுப்புக்குத் திரும்பினார்கள். அந்த "யாரோ" யார்? அங்கே யாரோ என் பெயரைக் கூவுகிறார்கள். நன்றி, ரகசியம் காத்த நண்பர்களே!

தண்டனை கிடைத்தது. இந்த மருத்துவமனையின் பழைய சோதனைக்கூடத்துக்குப் போய், காட்சிக்கு வைக்கப்போகும் இருநூறு கண்ணாடித் தகடுகளையும் ஓரம் துடைத்து, பெட்டியில் அடுக்க வேண்டும். அங்கே பொறுப்பாளராக இருக்கும் அக்கா என்னைப் பார்த்ததும் சொன்ன முதல் வாக்கியம், "மை எல்லாம் வெளியே வெச்சுட்டு உள்ளே வாம்மா."

அந்தத் தகடுகள் என்ன தெரியுமா? ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியின் ஓர் ஓரத்தில் வைத்து, இன்னொரு கண்ணாடியின் விளிம்பால் ஒரே தள்ளில் பரப்புவார்கள். சொட்டு வைத்த இடம் தடிப்பாக இருக்கும். போகப் போக மெலிந்து, நாக்கு நுனிபோல் முடியும். காய்ந்ததும் அந்தத் தடித்த முனையிலேயே பென்சிலால் எண்ணைக் கீறிவிடுவார்கள். மூன்று தலைமுறை மருத்துவ மாணவர்கள் நோயின் முகத்தை முதன்முதலில் பார்த்தது இந்தக் கண்ணாடிகளில்தான்.

அந்தப் பேழைக்குள் ஓர் அட்டையும் இருக்கிறது. நான் படித்திருக்கிறேன். "இம்மருத்துவமனையின் முதல் சோதனைக்கூட மருத்துவர் தம் கையால் தயாரித்தவை. உதவி: கண்ணாடி கழுவுபவர் ஒருவர்."

அந்த "ஒருவர்" யார்?

அவர் அறிவியலில் முதல் வகுப்பில் தேறிய பெண். இந்தக் கூடத்தில் வேலை கேட்டு வந்த காலத்தில், மைக்ரோஸ்கோப்பின் முன் பெண்ணை உட்காரவைக்கும் வழக்கம் இல்லை. நேர்காணலில் நடந்ததைப் பொறுப்பாளர் அக்காவிடம் அவரே சொல்லியிருக்கிறார்.

"அந்த வேலைக்கு ஆம்பளைங்களைத்தான் எடுப்போம்மா. கண்ணாடி கழுவுற இடம் ஒண்ணு காலியா இருக்கு."

"கழுவுற இடம் எந்த ரூம்ல இருக்கு சார்?"

"அதே ரூம்லதான்."

"அப்ப நாளைக்கே வர்றேன்."

தாய்மார்களே, கதவு திறக்காத வீட்டில் சன்னல் வழியே நுழைந்தவர்களின் கதை உங்களுக்குப் புதிதா? முப்பத்தோராண்டுகள் அவர் அந்த அறையில் இருந்தார். பதிவேட்டில் முதல் நாள் "கழுவுபவர்". கடைசி நாளும் "கழுவுபவர்". இடையில் அவர் எதைக் கழுவினார், எதைக் கண்டுபிடித்தார் என்று எழுத அந்தப் பதிவேட்டில் கட்டமே இல்லை.

ஒரு சான்று சொல்கிறேன். ஓயாத காய்ச்சலோடு ஒரு குழந்தை. ரத்தத்தை இருவர் பார்த்தார்கள், ஒன்றுமில்லை என்றார்கள். கழுவுவதற்காக அந்தக் கண்ணாடி இவர் கைக்கு வந்தது. கழுவும் முன் ஒரு முறை பார்த்தார். ஒரு ரத்த அணுவுக்குள் மெல்லிய மோதிரம்போல் மலேரியாக் கிருமி! அறிக்கை எழுத அவருக்கு உரிமை இல்லை. கிழிந்த தாளில் பென்சிலால் எழுதி, கண்ணாடியின் அடியில் வைத்தார்: "ஐயா, கழுவலை. இன்னொரு தடவை பாருங்க." அட்டை சொல்லும் அந்த முதல் மருத்துவர்தான் பெரிய மருத்துவர்; அவர் பார்த்தார். மருந்து போனது, குழந்தை பிழைத்தது. அறிக்கையில் கையெழுத்து யாருடையது? பெரிய மருத்துவருடையது. இதோ இந்தப் பேழையில் நாற்பத்தேழாம் எண் கண்ணாடி, கழுவாமல் விட்ட அதே கண்ணாடி.

பெரிய மருத்துவர் பொல்லாதவரா? இல்லை. அந்தத் தாளைக் கசக்கி எறியாமல் மறுபடி குனிந்து பார்த்தாரே, அந்த நல்ல மனத்துக்கு என் வணக்கம். அன்றைய வழக்கம் அப்படி. தலைமை யாரோ, கையெழுத்து அவருடையது. வழக்கத்துக்கு வாயில்லை, ஆனால் வயிறு பெரிது. எத்தனை பெண்களின் பெயர்களை அது விழுங்கியிருக்கிறது!

"மணி அடிச்சாச்சு" என்று ஒருவர் சைகை காட்டுகிறார். ஐயா, பள்ளியிலேயே மணிக்கு அடங்காதவள் நான். இன்னும் ஐந்தே நிமிடம்!

தகடுகளில் பெரும்பாலானவற்றைச் செய்தவரே அந்த அம்மாதான் என்று அட்டையை மாற்றச் சொல்லிப் பொறுப்பாளர் அக்கா இரண்டு மாதத்துக்கு முன்பே நம் தலைவர் அவர்களிடம் கேட்டார். தலைவர் கேட்ட கேள்வி நியாயமானது: "வாய்ச்சொல்லை வெச்சு எப்படிம்மா மாத்துறது? ஆதாரம் வேணுமே." ஆதாரம் இல்லை. அக்கா திரும்பி வந்துவிட்டார்.

இப்போதுதான் என் தண்டனை உள்ளே வருகிறது.

துடைத்து அடுக்கும்போது, தடித்த முனைகள் எல்லாம் ஒரே பக்கம் இருந்தால் அழகாக இருக்குமே என்று, அது வலப்பக்கம் இருந்த பதினொன்றை மாதிரியாக வைத்துக்கொண்டு, மீதி எல்லாவற்றையும் திருப்பித் திருப்பி அடுக்கினேன். பெருமையோடு அக்காவைக் கூப்பிட்டேன். அவர் பார்த்தார்.

"ஏய் வானரம், என்ன பண்ணி வெச்சிருக்க? நம்பர் எல்லாம் தலைகீழா நிக்குது!"

"அக்கா, சத்தியமா இது குறும்பு இல்லைக்கா. நேராத்தான் வெச்சேன்."

"இந்தப் பதினொண்ணு மட்டும் நேரா இருக்கு. மிச்சம் எல்லாம் சிரசாசனம் பண்ணுதா?"

எண்ணினோம். நூற்று எண்பத்தொன்பது. தடித்த முனையைச் சரிசெய்தால் எண் கவிழ்கிறது. எண்ணைச் சரிசெய்தால் தடித்த முனை இடப்பக்கம் போகிறது. வலக்கையால் செய்பவர் சொட்டை வலப்பக்கம் வைத்து இடப்பக்கம் தள்ளுவார். அப்படியானால் இவை? அக்கா அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அடியே... இது பீச்சாங்கை வேலைடி!"

முழங்கால் பயிற்சிக்காக வாரம் ஒருமுறை இங்கே வரும் அந்தக் "கழுவுபவர்" அம்மாவை முந்தாநாள் உள்ளே அழைத்தோம். எதுவும் சொல்லவில்லை. ஒரு சொட்டுச் சிவப்பு மையும் இரண்டு கண்ணாடியும் மேசையில் வைத்தோம். ஆம், நண்பர்களே, அதே மை! "ஒரு தடவை செஞ்சு காட்டுங்கம்மா" என்றார் அக்கா. இடக்கை எழுந்தது, ஒரு தள்ளு. பிறகு பென்சிலை வலக்கையில் எடுத்து எண்ணை எழுதினார்.

"ஏம்மா, எழுதுறது மட்டும் அந்தக் கையால?" என்று கேட்டேன்.

"பள்ளிக்கூடத்துல அடிச்சு மாத்திட்டாங்கடி. எழுதுறதை மாத்த முடிஞ்சுது. வேலை செய்யறதை மாத்த முடியல."

"அட்டையில உங்க பேரு வரணும்மா."

அவர் அந்தக் கண்ணாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "பேரு வராட்டி போகட்டும். ஆனா கழுவினவள்னு மட்டும் போடாதீங்க. முப்பத்தோரு வருஷம் நான் பார்த்தேன்."

பார்த்தேன்! அந்த ஒற்றைச் சொல்லுக்காகத்தான் இந்த உரை.

நேற்று முழுவதும் தலைவர் வெளியூரில். ஆகவே, சபையிலேயே கேட்கிறேன்; பொறுத்தருள வேண்டும். தலைவர் அவர்களே, பெரிய மருத்துவரின் மாணவர் தாங்கள். அவர் அருகே நின்று பயின்ற கண்கள் தங்கள் கண்கள். தங்கள் ஆசானின் சொட்டு எந்தப் பக்கம் விழுந்தது? எந்தக் கையால் தள்ளினார்? பதிவேட்டில் இல்லாத ஆதாரம் ஒன்று பேழைக்குள் இருக்கிறது. இன்னொன்று தங்கள் நினைவுக்குள் இருக்கிறது. ஆசானின் புகழ் இதனால் குறையுமா? பதினொன்று அவருடையவை, அவை என்றும் அவருடையவையே. நூற்று எண்பத்தொன்பதைத் திருப்பிக் கொடுப்பதால் அவர் சிறியவராகிவிடுவாரா? இன்னொரு முறை பார்க்கத் தெரிந்த மனிதரின் மாணவரிடம் நான் கேட்பதும் அதுவே. ஐயா, இன்னொரு தடவை பாருங்க.

...

தலைவர் ஒரு துண்டுச்சீட்டு அனுப்பியிருக்கிறார். பொதுவாக எனக்கு வரும் சீட்டுகளில் "உடனே தலைமையாசிரியை அறைக்கு வரவும்" என்றுதான் இருக்கும். படிக்கிறேன்.

"வலக்கை. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வகுப்புக்குக் கண்ணாடிகளை எடுத்து வந்து வைத்தவர் அந்த அம்மா. செய்தவர் யார் என்று ஒருநாளும் நான் கேட்கவில்லை. அட்டையை வெளியே எடுங்கள்."

கைதட்டுங்கள். ஆனால் கொஞ்சம் மெதுவாக. மூன்றாம் வரிசை ஓரத்தில் ஒருவர் கைதட்டாமல், மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்துக்கொண்டிருக்கிறார். அம்மா, துடைச்சது போதும். மேலே வாங்க. படி மூணுதான், முழங்காலுக்கு நான் பொறுப்பு.

இதோ வெள்ளை அட்டை. இதோ பேனா. பார்த்தவர் யார் என்று நீங்களே எழுதுங்கள். உங்கள் பெயரை நான் இதுவரை சொல்லாமல் வைத்திருந்தது இதற்காகத்தான். முதலில் அதை உங்கள் கை சொல்லட்டும். எந்தக் கை என்கிறீர்களா? இன்றைக்கு அடிக்க யாரும் இல்லை, அம்மா.

இடக்கை! கோடு கொஞ்சம் கோணுகிறது. எழுத்து கொஞ்சம் சாய்கிறது. இருக்கட்டும். முதல் வகுப்புக் குழந்தையின் எழுத்துப்போல் இருக்கிறது என்று அவரே சிரிக்கிறார்.

கேட்ட கேள்விக்குச் சபையில் விடை சொன்ன தலைவர் அவர்களுக்கு நன்றி. வானரத்தை நம்பிய அக்காவுக்கு நன்றி. தண்டனை தந்த தலைமையாசிரியை அவர்களுக்குத் தனி நன்றி. அடுத்த தண்டனைக்கும் இதே இடத்தைப் பரிந்துரைக்கிறேன். திரையை விலக்குங்கள். எல்லோரும் வரிசையாக வந்து, குனிந்து, அந்தப் பெயரைப் பாருங்கள். சென்று வருக, வணக்கம்!